பாப்பா ஊருக்குப் போகும் தேதி

ஒரகடம்
27.10.2014

அன்புள்ள செல்லக்கனி அக்காவுக்கு,

உங்கள் மகன் மாரிராஜ் குடியிருக்கும் வீட்டுக்காரி ஜோதி எழுதுகிறேன். நீங்கள் கொடுத்தனுப்பிய கருப்பட்டியைத்தான் இன்னமும் காபிக்குப் போடுகிறேன். போனில் பேசினால் சுவருக்கு அந்தப் பக்கம் அவனுக்குக் கேட்கும். அதனால் கடிதம்.

சில மாதமாக ஞாயிறுதோறும் ஒருவர் வருகிறார். பையன்கள் 'தளபதி' என்கிறார்கள். வடக்கத்தி ஆட்களை விரட்டப் படை சேர்க்கிறாராம். சேர்ந்தவன் மணிக்கட்டில் ஒரு கயிறு கட்டிவிடுகிறார். "இன்னாடா கயிறு கையில?" என்று மாரியைக் கேட்டேன். "ஊரைக் காக்கதுக்குக்கா" என்றான். நேற்று அவன் அறையைக் கூட்டப் போனேன். கட்டிலுக்கடியில் பெட்ரோல் பாட்டில்கள், வாயில் துணி திணித்து. கதவைத் தாழ் போடாமல் தூங்கிய ஊர் அக்கா இது.

கடைசி போர்ஷனில் ஒடிசாக்காரர் சரத் குடும்பம். அவர்கள் பாப்பாவுக்குக் கம்பெனி கேன்டீன் பிஸ்கட் கொண்டுவருவது மாரிதான். "பாப்பா என்னைக்குக்கா ஊருக்குப் போகுது?" என்று நேற்றுகூடக் கேட்டான். அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி அம்மாவோடு போகிறது, சரத் மட்டும் இங்கே இருப்பார் என்றேன். அவன் முகம் தெளிந்தது. மனசு இன்னும் கெடவில்லை அக்கா. வந்து கூட்டிப்போங்கள்.

அன்புத் தங்கை
ஜோதி


நாங்குநேரி
1.11.2014

அன்புத் தங்கச்சிக்கு,

படித்ததும் கிழித்துவிட்டேன். மாரி அப்பாவுக்குக் காலில் ஆபரேஷன். இருபதாம் தேதி வந்து அவன் காதைத் திருகி இழுத்து வருகிறேன். அதுவரை போலீசுக்கு மட்டும் போய்விடாதே தாயி. பாட்டில்களைக் கொட்டிவிடு. கோழி அறுத்தால் நின்று பார்க்கமாட்டான் அவன்.

உன் அக்கா
செல்லக்கனி


நாங்குநேரி
24.11.2014

ஜோதிக்கு,

இருபதாம் தேதி வந்தேன். நீ கதவைத் திறக்கவில்லை. பதினாலாம் தேதியே அவனைப் பிடித்துக் கொடுத்துவிட்டாய் என்று தெருவில் சொன்னார்கள். ஜெயிலில் பார்த்தேன். "பாப்பா இருக்கவரை வேண்டாம்னு நான்தாம்மா தள்ளிப்போட்டேன்" என்று அழுதான். அதை மட்டும் கோர்ட்டில் சொல். மனசு கெடவில்லை என்று எழுதியவள் நீதானே.

செல்லக்கனி


ஒரகடம்
2.12.2014

செல்லக்கனி அம்மாவுக்கு,

அன்று கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன்.

நீங்கள் சொன்னபடி பாட்டில்களைக் கொட்டினேன். அடுத்த வாரமே புதிதாக வந்திருந்தன. அப்போதும் உங்களுக்காகப் பொறுத்தேன். பதினாலாம் தேதி சாயங்காலம், துணிப்பை கட்டிக்கொண்டிருந்த பாப்பாவிடம் மாரி இரண்டு பிஸ்கட் பொட்டலம் கொடுத்தான். ரயிலில் சாப்பிடு என்றான். பிறகு என்னிடம் வந்து, "நாளைக்கு சரத்துக்கு எந்த ஷிப்டுக்கா? ராத்திரி ரூமிலதான் இருப்பானா?" என்று கேட்டான்.

பாப்பா போகும் தேதியைக் கேட்டான் என்று கோர்ட்டில் சொல்வேன். இதையும் சொல்வேன்.

ஜோதி