உன் ஒயினில் நான் சேர்க்காத சர்க்கரை

என் கைப்பையின் அடியில் இன்று ஒரு காகிதக் குடை அகப்பட்டது. விரல் நீளம்கூட இல்லாத நீலக் குடை. பல்குத்தும் குச்சியே அதற்குக் காம்பு. உன் மகளின் திருமண வரவேற்பில், ஒரு கண்ணாடிக் குவளையின் விளிம்பில் செருகி என் கையில் திணிக்கப்பட்டது. பானத்தைச் செடித்தொட்டியில் ஊற்றினேன். குடையை மட்டும் ஏன் பைக்குள் போட்டுக்கொண்டேன் என்பது எனக்கே விளங்கவில்லை. சாட்சியமாக இருக்கட்டும் என்று நினைத்திருக்கலாம். நீ இருந்திருந்தால் அதைக் கொண்டையில் செருகிக்கொண்டு மண்டபம் முழுவதும் நடந்து காட்டியிருப்பாய். நீ இல்லாததால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்த நீலத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் மற்றதைச் சொல்லும் பொறுமை எனக்கு வராது. எந்தப் பழமும் அந்த நிறத்தில் பழுப்பதில்லை. சங்குப்பூ அதைக் கண்டால் வெட்கப்பட்டு வெளுத்துவிடும். சாராயம் கலக்காதது என்று கேட்டு உறுதிசெய்துகொண்டு ஒரு வாய் குடித்துப் பார்த்தேன்: துணி அலசிய நீரில் சர்க்கரை கலந்தாற்போல் இருந்தது. கீழிருந்து புகை வேறு எழுப்பினார்கள். வந்தவர்கள் புகையைப் படம்பிடித்துக்கொண்டு குவளையை மேசைக்கே திருப்பி வைத்தார்கள். குடிக்க வேண்டியதைப் பார்க்க வேண்டியதாக மாற்றிவிட்டால் ருசியைப் பற்றி ஒருவரும் கேட்கமாட்டார் என்பதே அந்தத் தொழிலின் முழு ஞானம்.

நம் நட்பு தொடங்கியதும் ஓர் ஏளனத்தில்தான். கோவில்பத்தில் ஒரு கல்யாண வீடு. எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள். விதையும் தோலும் நசுங்கப் பிழிந்து, காலையிலேயே அண்டாவில் கலந்து வைத்துவிட்ட சாறு. பிற்பகலுக்குள் அது வேப்பங்கொழுந்தாகிவிடும் என்ற எளிய உண்மைகூடத் தெரியாதவர்கள் கலந்தது. குவளையை மூக்கருகே கொண்டுபோய், குடிக்காமலேயே கீழே வைத்து, என் தீர்ப்பைச் சற்று உரக்கவே கூறினேன். பின்னாலிருந்து நீ கேட்டாய்: "ஏங்க, குடிச்சிட்டுச் சொல்றீங்களா, மோந்து பாத்துச் சொல்றீங்களா?" மோந்து பார்த்தாலே போதும் என்றேன். "அப்படியா? எங்க வீட்ல ஒரு ஜாடி இருக்கு. வந்து மோந்து பாத்துச் சொல்லுங்க, பாப்போம்."

அழைப்பு இல்லை அது, சவால். மறுநாளே வந்தேன்.

எனக்கு எவரும் எதையும் கற்பித்ததில்லை. பத்தாம் வகுப்போடு நெரவியில் வயலுக்கும் அடுப்புக்கும் நடுவே நிறுத்தப்பட்டவள் நான். நன்னாரி வேரை எவ்வளவு நேரம் ஊறவைப்பது, பானகத்தில் சுக்கு எந்த இடத்தில் புளியை மீறுகிறது என்பதையெல்லாம் கெட்டுப்போன குடங்களிடமிருந்தே கற்றுக்கொண்டேன். நூலகத்திலிருந்து எடுத்துவந்த புத்தகங்களைப் படித்து, அவற்றிலிருந்த பிழைகளையும் கண்டுபிடித்தேன். இதைத் தற்பெருமை என்று நீ சொல்வதுண்டு. தற்பெருமை அன்று, பெருமை.

உன் வீட்டுப் பீங்கான் ஜாடியில் இருந்தது பன்னீர்த் திராட்சை ஒயின். மேலே கட்டியிருந்த துணியை அவிழ்க்காமலேயே, கிராம்பு மிகுதி என்றும், உலர்ந்த மரக்கரண்டிக்குப் பதிலாக ஈரக் கரண்டி எதையோ விட்டுக் கிளறியிருக்கிறாய் என்றும் சொன்னேன். நீ உன் கணவரைத் திரும்பிப் பார்த்தாய். முதல்நாள் கிளறியவர் அவர்தானாம். அன்றிலிருந்து கல்யாண வீடுகளுக்குப் பானம் போட்டுக்கொடுப்பதில் நாம் கூட்டாளிகள்.

உலகத்திலேயே ஒயினைத் தொட்டு நாவில் வைக்காத ஒயின்காரி நான் ஒருத்திதான் என்று போகுமிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாய். சிரித்துக்கொள். இந்தக் காரைக்காலில் கடைக்குக் கடை சாராயம் கிடைக்கும் என்பதற்காக என் கொள்கை மாறாது. எங்கள் குடும்பத்தின் மொத்தப் பங்கையும் என் தகப்பனாரே குடித்து முடித்துவிட்டார். எனக்கென்று மிச்சம் வைக்கவில்லை. ஆகவே மணமும் நிறமும், ஜாடியில் காதை வைத்தால் கேட்கும் நுரையின் ஓசையும் என் பொறுப்பு. நாக்கு உன்னுடையது.

அந்த நாக்கை நான் ஒருபோதும் மதித்ததில்லை என்பதை நீ அறிவாய். நான் வாரக்கணக்கில் பாதுகாத்து, வடிகட்டி, தெளியவைத்து, மாணிக்கம்போல் உன்முன் வைப்பேன். நீ ஒரு மடக்கு குடித்துவிட்டு அடுப்பைப் பற்றவைப்பாய். சர்க்கரையை இரும்புக் கரண்டியில் கருக்கி, பாகாக்கி, அதன் தலையில் கொட்டுவாய். போதும் என்பேன். கொட்டுவாய். சர்க்கரையைக் காட்டிச் சிரிக்கவைப்பது திருவிழாவில் மிட்டாய் விற்பவன் வேலை என்பேன்.

"மாப்ள வீட்டுக்காரன் மொத மடக்குல சிரிக்கணும்டி. ரெண்டாவது மடக்கு வரைக்கும் எவன் நிப்பான்?"

சிரிப்பதற்காகச் செய்வதில்லை நான் என்றால், உடனே வரும் உன் வாள்வீச்சு: "குடிக்காதவ பேசாத."

பரிமாறுவதிலும் நீ அப்படித்தான். மேசைக்குப் பின்னால் நின்று ஒரு நாளும் கொடுத்ததில்லை. தட்டை ஏந்தி நேரே ஆட்களிடம் நடப்பாய். அதுவும் கோபித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கும் சம்பந்தியிடம் முதலில். திருமலைராயன்பட்டினத்து நிக்காஹ் வீட்டில் ரோஜா சர்பத்துக்கு என்று புதுக் குடமும் புதுக் கரண்டியும் வாங்கி, அவற்றை அந்த வீட்டு அம்மாவின் கண்முன்னே கழுவினாய். ஒயின் ஜாடி தொட்ட எதுவும் இதில் படவில்லை என்று அவர் கேட்காமலேயே காட்டினாய். அது நாகரிகம் என்று நான் ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பிறகு அந்த அம்மாவின் மருமகளோடு ஒரு மணி நேரம் வம்பளந்தது நாகரிகமன்று.

ஐப்பசியில் நீ போனாய். மாதாகோவிலில் உன் முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுவாரம் உன் மகள் நெரவிக்கு வந்தாள். அவளுடைய கல்யாணம் தையில் நடப்பதில் மாற்றமில்லை. உங்கள் குடும்பத்து வழக்கம் எனக்குத் தெரியும்: வரவேற்பில் மணப்பெண்ணின் தாய் தன் கையால் போட்ட ஒயினை, தன் கையாலேயே ஊற்றி, முதல் குவளையைச் சம்பந்தியம்மாவிடம் கொடுக்க வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போனாலும் அவர்களிடமிருந்து உன் மாமியார் வீட்டார் விடாமல் பிடித்துக்கொண்ட பழக்கம் அது. அவள் அழவில்லை. முற்றத்தில் நின்றுகொண்டே கேட்டாள்.

"கல்யாணத்தன்னிக்கி எனக்கு அம்மா ஒயின் வேணும் பெரியம்மா. வேற எதுவும் நான் கேக்கல. அம்மா எடத்துல நீங்க ஊத்துங்க."

தருகிறேன் என்றேன். அவளுடைய அந்த ஒரு குவளைக்கு நான் பொறுப்பாளியானேன்.

அதன்பின் நான் சந்திக்க நேர்ந்த மனிதர்களைப் பட்டியலிட்டால் உனக்கு மறுபடி உயிர் வந்துவிடும், சண்டைபோடுவதற்காகவே வருவாய். விழா ஏற்பாட்டாளர் என்று ஒருவர், காதில் ஒயர் செருகிக்கொண்டு, தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தார். மண்டபத்தில் எல்லாமே கடல் நீலமாக இருக்க வேண்டுமாம், அதுதான் அந்தக் கல்யாணத்தின் 'தீம்'. பீங்கான் ஜாடியைப் பார்த்ததும் முகம் சுளித்து, "மேடம், இது தீமுக்கு செட் ஆவாது மேடம். ஊறுகா ஜாடி மாதிரி இருக்கு. எங்க டிஸ்பென்சர்ல ஊத்திருவோம், லைட்டு எரியும்," என்றார். விளக்கெரியும் பாத்திரத்தில் ஊற்றித்தான் உங்கள் பானம் கண்ணில் படவேண்டியிருக்கிறது, எங்களுடையது இருட்டிலும் தன்னைத் தெரிவித்துக்கொள்ளும் என்று பதிலளித்தேன். அவருக்குப் புரியவில்லை. உன் கணவர் வழக்கம்போல் இரு பக்கமும் தலையசைத்தார். நீ அவரை எப்படி இத்தனை ஆண்டுகள் ஒரு முடிவெடுக்கவைத்தாய் என்பதை நான் இனி யாரிடம் கேட்பேன்? ஜாடி மேடையில்தான் இருக்கும் என்று உன் மகள் ஒரே சொல்லில் முடித்துவைத்தாள். அந்தக் குரல் உன்னுடையது.

ஒயினைச் சொல்கிறேன். என் வாழ்நாளில் அதைப்போல் ஒன்று அமையவில்லை. பழம் நானே போய்ப் பார்த்து வாங்கினேன், ஒவ்வொன்றாய்த் துடைத்தேன். எங்கள் ஊர்க் கிணற்றுநீரின் உப்பு ஒரு துளி படாமல் பார்த்துக்கொண்டேன். பட்டையும் கிராம்பும் எட்டிநின்று பேசின. திராட்சை மட்டும் அருகில் வந்தது. வடிகட்டிக் குவளையில் ஊற்றி வெயிலுக்குக் காட்டியபோது மறுபுறம் என் விரல்ரேகை தெரிந்தது. பிறகு சர்க்கரை கருக்க வேண்டிய கட்டம் வந்தது. அடுப்பருகே நின்றேன். இந்த மணத்தின் மீது அந்தப் பாகைக் கொட்டுவது, பட்டுப்புடவைமேல் சாயத்தைக் கொட்டுவதற்கு ஒப்பாகும் என்று பட்டது. கொட்டவில்லை. உன் குறையைத் திருத்தி, உன் பெயரால், உன் மகளுக்குக் கொடுக்கிறோம் என்று மனநிறைவோடு ஜாடியை மூடினேன்.

வரவேற்பன்று சம்பந்தியம்மாவுக்கு முதல் குவளையை ஊற்றினேன். அவர் பிரான்சில் குடியேறி வெகுகாலமாயிற்று. 'எங்க ஊர்ல' என்று அவர் தொடங்கினால் அது காரைக்கால் அல்ல என்று புரிந்துகொள்ள எனக்குச் சற்று நேரம் பிடித்தது. குவளையைச் சுழற்றினார். மோந்தார். குடித்தார். மறுபடி குடித்தார்.

"ரொம்ப நல்லா இருக்குங்க," என்றார். "இங்க எல்லாரும் சிரப் மாதிரிதான் போடுவாங்க. இது ஒயினு. எங்க ஊர்ல இதை டேபிள்ல வச்சா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

அவருடைய சான்றிதழ் எனக்குத் தேவையில்லை. எனினும் மேடையில் நின்றபடி, மனத்துக்குள் உன் பக்கம் திரும்பி, கேட்டாயா என்றேன். உன்னிடமிருந்து பதில் வராத முதல் வாதம் அது.

பிறகு உன் மகளுக்கு ஊற்றினேன். ஒரு மடக்கு குடித்தாள். படம்பிடிப்பவர் சிரிக்கச் சொன்னார், சிரித்தாள். குவளையை மெல்ல மேசையில் வைத்தாள்.

"நல்லா இருக்கு பெரியம்மா."

நான் காத்திருந்தேன். பொய்யின் மணமும் எனக்குத் தெரியும்.

"ஆனா அம்மாது இல்ல," என்றாள், உதடு அதிகம் அசையாமல், கேமராவைப் பார்த்தபடியே.

உன் அம்மா சர்க்கரையைக் கண்மண் தெரியாமல் கொட்டுவாள், அது தவறு, அதை நான் நீக்கியிருக்கிறேன் என்று அவளுக்கு விளக்கினேன்.

"அந்தத் தப்புதான் பெரியம்மா அம்மாது."

அவள் குவளை அப்படியே நின்றது. அவளைச் சுற்றி எல்லோரும் குடித்துக்கொண்டிருந்தார்கள். கேட்டவள் மட்டும் குடிக்கவில்லை. நான் ஜாடியைத் தூக்கிக்கொண்டு மேடையை விட்டு இறங்கினேன். விழா ஏற்பாட்டாளர் முகத்தில் தீம் மீண்டதன் நிம்மதி.

மண்டபத்தின் பின்புறச் சமையற்கட்டில் பிரியாணி மாஸ்டர் அண்டாவின் தம் மூடியைத் திறந்துகொண்டிருந்தார். இரும்புக் கரண்டியும் சர்க்கரையும் ஓர் அடுப்பும் வேண்டும் என்றேன். பட்டுப்புடவையோடு அடுப்புப் பக்கம் வராதீர்கள் என்று அவர் கண்டித்துவிட்டு, பாயசத்துக்கா என்று கேட்டார். ஒயினுக்கு என்றேன்.

"ஒயினுக்குச் சக்கரையா? எங்க வீட்டுக் குடிகாரப் பெருசு கேட்டுச்சுன்னா அழுதுரும்மா."

நான் அழாமல் செய்துகொண்டிருக்கிறேன், அவரும் பொறுத்துக்கொள்ளட்டும் என்றேன். சர்க்கரை உருகிப் பொன்னிறமாகி, சிவந்து, கரி வாடை எட்டிப் பார்க்கும் நொடியில் நீரை விட்டேன். அளவு எனக்குத் தெரியாது. அது உன் நாக்கிலிருந்த அளவு. மாலையும் முக்காடுமாக உன் மகள் பின்வாசல் வழியே வந்து நின்றாள். மாஸ்டர் அவளுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் அவள் குவளையில் பாகைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். குடித்துப் பார்த்துத் தலையை ஆட்டினாள். இன்னும் விட்டேன். என் அளவில் நிற்க வேண்டிய இடம் எப்போதோ கடந்துபோயிற்று. மணம் மடிந்துவிட்டது, நான் அத்தனை பாடுபட்டு எட்டி நிறுத்தியிருந்த கிராம்பு உள்ளே புகுந்து உட்கார்ந்துகொண்டது. அப்போது அவள் கண்ணை மூடினாள். குவளையை முழுதாகக் குடித்தாள். கண் மை கரைந்து கன்னத்தில் இறங்கியது. "இதான்," என்றாள்.

மிச்சமிருந்த பாகு முழுவதையும் எடுத்து ஜாடியில் ஊற்றினேன். எவரும் என்னைக் கேட்கவில்லை. நான் செய்ததிலேயே சிறந்ததை நானே கெடுத்து, மேடைக்குத் தூக்கிச் சென்று, தட்டில் குவளைகளை அடுக்கி, ஒவ்வொருவரிடமாக நடந்து கொடுத்தேன். சம்பந்தியம்மா இரண்டாம் குவளையில் புருவத்தை உயர்த்தினார். உன் கணவர் ஒரு மடக்கில் அடையாளம் கண்டுகொண்டு, தட்டிலிருந்து இன்னொரு குவளையைத் தானே எடுத்துக்கொண்டார். மற்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். முதல் மடக்கிலேயே.

இப்போது கொம்யூனியோன் என்னும் முதல் நற்கருணை விழாவுக்கும் கல்யாணத்துக்கும் அந்த ஒயின்தான் வேண்டுமென்று ஆள்விட்டுக் கேட்கிறார்கள். சர்க்கரைக்கு முந்தியதா, பிந்தியதா என்று கேட்கிறேன். ஒருவர்கூட முந்தியதைக் கேட்டதில்லை. மனிதகுலத்தின் நாக்கைப் பற்றி நான் கொண்டிருந்த கருத்து நாளுக்கு நாள் உறுதிப்படுகிறது. உன் மகள் வந்து நின்று அளவு சொல்கிறாள், நான் கொட்டுகிறேன்.

ஆனால் ஒவ்வொரு முறையும் பாகு சேர்ப்பதற்கு முன் ஒரு குப்பியை மட்டும் நிரப்பி எடுத்து வைத்துவிடுகிறேன். அது சரியானது. நான் குடிக்கமாட்டேன், எவருக்கும் கொடுப்பதுமில்லை. மேல்தட்டில் நிற்கிறது. அதைக் காட்டி, இதுதான் ஒயின் என்று நான் சொல்ல வேண்டும். அதைக் கேட்டு உன்னைப்போல் முகத்தைத் திருப்பிக்கொள்ள இந்த ஊரில் எனக்கு ஆளில்லை.