இருநூற்றுப் பதினாலாம் அறையில் நாங்கள் தங்கினோம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். ஆனால் எனக்கு அநியாயம் நடந்திருக்கிறது. நாங்கள் படுத்து எழுந்த அறையில் நாங்கள் தங்கவே இல்லை என்று இந்த ஓட்டல்காரர்கள் பதிவேட்டில் சிவப்பு மையால் அடித்துவிட்டு அறையை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதற்கு அவர்களிடம் மன்னிப்புக் கேட்டது நீ. போனில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்று என் வாயை அடைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். உன் அம்மா இதைப் படம் பிடித்து இன்றைக்கே அனுப்புவாள், அசல் தபாலில் வரும், இரண்டையும் முழுசாகப் படி. இது ஓட்டல் தாள் அல்ல, நான் வீட்டிலிருந்து கொண்டுவந்தது.

எங்கள் நாற்பதாவது கல்யாண நாளுக்கு நீ மூன்று நாள் பிடித்துக் கொடுத்த இந்த ஓட்டல் நூற்று முப்பது வருஷத்துக் கட்டடம். கதவைத் திறந்துவிட மட்டும் ஒரு ஆள், அவர் மீசையில் இரண்டு பேர் துணி காயப் போடலாம். கட்டிலில் ஏறுவதற்கே படி வைத்திருக்கிறார்கள், உன் அம்மா ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு "ஏங்க, மகாராணி மாதிரி இருக்கேனா?" என்று கேட்டாள், முட்டிவலி என்ற பேச்சே இல்லை. நேற்று வந்ததும் வரவேற்பு மேசையில் இருந்த பெண் தோல் அட்டை போட்ட பெரிய பதிவேட்டை என் பக்கம் திருப்பி "எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார்" என்றாள். உனக்குத் தெரியும், இருபத்தாறு வருஷம் சர்க்கார் விருந்தினர் மாளிகையைப் பார்த்துக்கொண்டவன் நான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், வருகிற அதிகாரிகளின் பெயரைப் பிழையில்லாமல் எழுத வேண்டுமே என்று பழைய பதிவேடுகளை வைத்துக்கொண்டு தானாகவே எழுத்தைத் திருத்திக்கொண்டவன். அத்தனை வருஷத்தில் விருந்தினர் என்ற கட்டத்துக்குள் என் பெயர் விழுந்ததில்லை. நேற்றுதான் விழுந்தது. மை உலர நான் ஊதிக்கொண்டு நின்றதைப் பார்த்து அந்தப் பெண் சிரித்தாள், சிரித்துவிட்டுப் போகட்டும்.

இன்று காலை வெளியே கிளம்புமுன் அறையை விட வேண்டிய முறைப்படி விட்டோம். பெரிய பெரிய அதிகாரிகள் போட்டுவிட்டுப் போன அலங்கோலத்தை அள்ளி அள்ளி, ஆள் இருந்த சுவடே தெரியாமல் விட்டுப் போகிறவன்தான் மனுஷன் என்று முடிவுகட்டியவன் நான். விரிப்பைத் தட்டி இழுத்து நாலு மூலையும் மடித்துச் செருகினேன். குளித்தது நம் சோப்பு, துடைத்தது நம் துண்டு, அவர்கள் சோப்பின் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. குளியல் தொட்டியை நாங்கள் தொடவே இல்லை. திருட்டுப் போய்விடும் என்று உன் அம்மா பெட்டி இரண்டையும் குடையையும் அலமாரிக்குள் வைத்துப் பூட்டி அந்தச் சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். அறைச் சாவியைக் கீழே மேசையில் வைத்தோம், அப்போது மேசையில் ஆள் இல்லை. பிறகு துப்புரவுக்கு வந்த அம்மா பார்த்திருக்கிறாள், கட்டில் கசங்கவில்லை, துண்டு மடிப்புக் கலையவில்லை, பெட்டி இல்லை. வந்தவர்கள் அறை பிடிக்காமல் அப்போதே போய்விட்டார்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். உனக்கு மூன்று தடவை போன் செய்தார்களாம். அங்கே உனக்குத் தூங்குகிற நேரம், போனின் வாயைக் கட்டிப் போட்டிருப்பாய்.

மிருகக்காட்சி சாலையைப் பார்த்துவிட்டு நாலு மணிக்குத் திரும்பினால் மேசையில் ஆளும் இல்லை, சாவியும் இல்லை, மேலே போய்த் தட்டினால் எங்கள் கதவைத் திறந்தது ஒரு புது மாப்பிள்ளை. கோட்டை மாட்ட இடமில்லாமல் மத்தியானத்திலிருந்து அந்த அலமாரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருக்கிறான். உன் அம்மா நேரே உள்ளே போய்ச் சாவியைப் போட்டுத் திறந்து பெட்டி, குடை, என் பனியன் என்று ஒவ்வொன்றாய் எடுக்கவும் அந்தப் புதுப்பெண் "ஐயோ, இன்னும் யாராவது உள்ள இருக்காங்களா?" என்று கத்திவிட்டாள். சத்தம் கேட்டுத் துப்புரவு அம்மா ஓடிவந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்து "ஐயா, அந்த மூலை மடிப்பு நீங்க போட்டதா? பதினெட்டு வருஷமா எங்க ஆளுங்களுக்குச் சொல்லிக்குடுக்கறேன், ஒருத்தருக்கும் வரல" என்றாள். அவளிடம் எப்படிக் கோபப்படுவது சொல்.

மேனேஜரிடம் கோபப்பட்டேன். அவர் "மூணாவது மாடியில பெரிய ரூம் தர்றோம் சார், அந்தக் காலத்துல கவர்னரே தங்கினது" என்றார். கவர்னர் தங்கினால் தங்கட்டும், நான் தங்கியதற்கு எழுத்து எங்கே என்றேன். அப்போதுதான் "உங்க பொண்ணே இப்ப போன்ல கூப்பிட்டு சாரி சொல்லிட்டாங்க சார், அப்பா கொஞ்சம் பிடிவாதம், கண்டுக்காதீங்கன்னாங்க" என்றார். கொஞ்சம் பிடிவாதமா? உனக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் இல்லை என்றபோது தலைமையாசிரியர் வாசலில் மூன்று நாள் உட்கார்ந்தேனே, அப்போது நீ என் மடியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றாய். அன்றைக்கும் கண்டுக்காமல் இருந்திருக்கலாம்.

உன் அம்மா சாவியை வாங்கிக்கொண்டு மேலே போய்விட்டாள். நான் கீழே கூடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன், மீசைக்காரர் முதுகுக்கு ஒரு திண்டு கொண்டுவந்து கொடுத்தார். ஒரு மணி நேரம் கழித்து லிப்ட்காரர் வந்து முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல் ஒப்பித்தார்: "தண்ணி சுடச்சுட வருதாம் சார், தொட்டியில நீட்டிப் படுத்தா எந்திரிக்க மனசே வரலயாம். நீங்க கேட்டா, 'மற்றும் ஒருவர்' மேல சௌகரியமா இருக்காங்கன்னு சொல்லச் சொன்னாங்க." எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு மேனேஜரைப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி, அடித்த வரியைச் சிவப்புக் கோட்டுக்கு அடியில் படித்தேன். என் பெயரை முழுசாக, ஊர், தொழில் எல்லாம் சேர்த்து அழகாக எழுதியிருக்கிறேன். கடைசியில் 'மற்றும் ஒருவர்'. அதிகாரிகள் சம்சாரத்தோடு வந்தால் அப்படித்தான் எழுதுவேன், கை தானாகப் போய்விட்டது. நான் ஊதிக்கொண்டிருந்தபோது உன் அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

இனி ஆக வேண்டியது. மேனேஜர் அடித்ததை ரத்து செய்து, அடியில் தேதி போட்டுப் புது வரி திறக்க வேண்டும், ஒப்புக்கொண்டிருக்கிறார். துப்புரவு அம்மாவை யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது, அவள் கண்ணால் கண்டதைத்தான் எழுதினாள். அந்தப் புதுசுகள் எங்கள் அறையிலேயே நன்றாக இருக்கட்டும். நம் மாப்பிள்ளை முதுகுவலிக்கு மாத்திரையை விட்டுவிட்டு நடக்க வேண்டும். நீ உன் மன்னிப்பை வாபஸ் வாங்கி எழுத்தில் அனுப்ப வேண்டும், தூங்கும்போது போனில் சத்தம் வைக்க வேண்டும், உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசி எப்போதும் உண்டு. உன் அம்மா தொட்டியை விட்டு எழுந்து கீழே வந்து புது வரியில் முதல் ஆளாகத் தன் பெயரைத் தானே எழுத வேண்டும், இதை நீ போன் செய்து அவளிடம் சொல்ல வேண்டும், நான் சொன்னால் வரமாட்டாள். நான் அவள் எழுதி முடிக்கிறவரை பேனா மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் பக்கத்தில் நிற்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா