முதல் தகடும் கடைசித் தகடும்

சூப்பர்வைசர் தன் தப்பை என் தலையில் கட்டிவிட்டான். நீயும் பாப்பாவும் நலம்தானே? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, அலுப்புதான்.

முக்கோணத் தகடுகள் வெட்டினோம். எல்லாவற்றுக்கும் முதல் தகட்டை வைத்தே கோடு போடலாம் என்றேன். “முதலும் ரெண்டாவதும் சமம், ரெண்டாவதும் மூணாவதும் சமம். அப்ப எல்லாமே சமம்தானேய்யா, கணக்கு டீச்சர் வீட்டுக்காரரே!” என்று சிரித்த சூப்பர்வைசர், கடைசியாக வெட்டியதை வைத்தே அடுத்ததை வரையச் சொன்னான். நீ நடத்தும் பாடம் சரிதான். ஆனால் ஒவ்வொரு தகடும் முந்தையதைவிட சாக்பீஸ் கோட்டின் தடிமன் அளவுக்குப் பெரிதானது. கடைசித் தகடு முதல் தகட்டோடு பொருந்தவில்லை. என் லீவை ரத்து செய்துவிட்டான். வேலை போகவில்லை, கவலைப்படாதே.

பாப்பாவுக்குச் செருப்பு வாங்க அவள் பாதத்தை வரைந்து அனுப்பு. பழைய தாளைப் பார்த்து வரையாதே, காலையே வைத்து வரை. போன கடிதத்திலும் இதைத்தான் கேட்டேன், அதற்குள் கால் வளர்ந்திருக்கும்.