மாமி நேரே கதைத்த நாள்

மாமி,

காலையிலிருந்து பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஒரே அறிவிப்பு. மேற்கே அடைமழையாம், குளத்து வான்கதவுகளைத் திறக்கப்போகிறார்களாம், வயலோரத்துச் சனம் ஆயத்தமாக இருக்கட்டுமாம். உங்கள் மகள் பாய்களைச் சுருட்டி அலுமாரிக்கு மேல் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். ஈரம் பட்ட பன்பாயின் வாசம் மூக்கில் ஏறியதும் உங்களோடு கொஞ்சம் கதைக்க வேண்டும் போலிருந்தது.

நான் உங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த காலத்தில் அதுதான் நமக்குள் நடக்காத காரியம். மாமியும் மருமகனும் நேருக்கு நேர் கதைப்பது நம் ஊரில் மரியாதை இல்லை. நான் சாப்பிட உட்கார்ந்தால் நீங்கள் திரைச்சீலைக்குப் பின்னால் நிற்பீர்கள்.

"மகள், அவருக்கு மீன் காணுமா, இன்னும் வேணுமா எண்டு கேளு."

"காணும் எண்டு சொல்லு" என்பேன் நான்.

ஒருநாள் உங்கள் மகளுக்குக் கோபம் வந்துவிட்டது. "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கேக்குது? நான் என்ன டெலிபோனா?" திரைச்சீலைக்குப் பின்னால் நீங்கள் சிரித்தீர்கள். உங்கள் சிரிப்பை நான் முதலில் கேட்டது அன்றுதான்.

மாமாவை நான் கண்டதில்லை. எங்கள் கலியாணத்துக்கு முன்பே சுனாமி அவரையும் கடற்கரை வீட்டையும் கொண்டுபோயிருந்தது. எப்படிப் போனார் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வயலோரத்தில் மண் நிரப்பிக் கட்டிய புது வீடு உங்களுக்குக் கிடைத்தது. "இஞ்ச கடல்ர சத்தம் கேக்காது, எனக்கு அது காணும்" என்று நீங்கள் மகளிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

யுத்தம் முடிந்தபின் வந்த மாரியில்தான் அது நடந்தது. உங்கள் மகள் ஒரு கலியாணத்துக்காக அக்கரைப்பற்றுக்குப் போயிருந்தாள். முழங்கால் வலியென்று நீங்கள் போகவில்லை, கடையை விட முடியாமல் நானும் போகவில்லை. மழை பிடித்த பிடியில் வீதியெல்லாம் தண்ணீர் ஏறி, பஸ் நின்று, அவள் அங்கேயே மாட்டிக்கொண்டாள். வீட்டில் நாம் இரண்டு பேரும் ஒரு பூனையும்.

நீங்கள் அதற்கும் வழி கண்டீர்கள். குசினி அடுப்படியிலிருந்து உங்கள் குரல் வந்தது. "பூனைக்குச் சோறு மூடி வெச்சிரிக்கி. கத்தரிக்காய்க் கறி. சூட்டோட திண்டா நல்லம்."

கத்தரிக்காய் தின்னும் பூனை எங்கே இருக்கிறது? நான் தின்றேன். பிறகு பூனையைப் பார்த்து, "உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு" என்றேன். அடுத்த வேளைக் கறியில் உப்பே இல்லை.

மறுநாள் காலை ஒலிபெருக்கி அவசரமாக அலறியது. வான்கதவு திறந்தாயிற்று, உடனே பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்றார்கள். நான் வெளியே பார்த்தபோது வயல் பக்கமிருந்து மண்ணிறத் தண்ணீர் வைக்கோலையும் குப்பையையும் தள்ளிக்கொண்டு முற்றத்துக்குள் வந்துகொண்டிருந்தது. நீங்கள் முக்காட்டை இழுத்துவிட்டு வாசற்படியில் வந்து நின்றீர்கள். பூனையைத் தேட அப்போது நேரமில்லை. நேரே உங்களிடமே சொன்னேன்.

"மாமி, நீங்க முன்னுக்குப் போங்க. நான் சாமானுகள மேல ஏத்தி, கதவப் பூட்டிட்டுப் பின்னால வாறன்."

நீங்கள் அசையவில்லை. தண்ணீர் உங்கள் பாதத்தைத் தொட்டது. கேட்கவில்லையோ என்று எரிச்சலோடு இன்னொரு தரம் சொன்னேன். அப்போது முக்காட்டை ஒதுக்கி என் முகத்தைப் பார்த்தீர்கள்.

"மாமாவும் இதத்தான் சொன்னார், மகன். புள்ளைகளக் கூட்டிக்கிட்டு நீ போ, நான் கதவப் பூட்டிட்டு வாறன் எண்டார். நானும் ஓடினன். திரும்பிப் பாக்கக்குள்ள வீடும் இல்ல, அவரும் இல்ல. கதவு கெடக்கட்டும். வாங்க."

கையிலிருந்த அரிசி மூடையை அப்படியே போட்டேன். வீட்டைத் திறந்த மேனிக்கு விட்டு இருவரும் ஒன்றாக இறங்கினோம். மதகடியில் இழுவை கடுமை. உங்கள் முழங்கால் மடங்கியபோது ஒன்றும் யோசிக்காமல் கையைப் பிடித்தேன். நீங்களும் என் கையை இறுக்கிப் பிடித்தீர்கள். தெருச்சனம் பார்த்தது. பள்ளிக்கூடத்துப் படி ஏறும்வரை நீங்கள் விடவில்லை.

அன்று முழுக்க, பால் விடாத பிளேன்ரீக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, மாமாவைப் பற்றியே கதைத்தீர்கள். அளவு பார்க்காமல் உங்களுக்குச் செருப்பு வாங்கி வருவாராம். பூட்டிய கதவை இழுத்து இழுத்துப் பார்ப்பாராம். "அந்த மனிசனுக்குப் பூட்டெண்டா உசிரு" என்று சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டே அழுதீர்கள். எனக்கு அன்றுதான் ஒரு மாமா கிடைத்தார்.

தண்ணீர் வடிந்தபின் வீட்டில் சேறும் நாறிய மெத்தையும்தான். களவு ஒன்றும் போகவில்லை. பூனை அலுமாரி மேலிருந்து நம்மை முறைத்தது. வழி திறந்து உங்கள் மகள் வந்து நுழைந்தபோது, "மகன், தேத்தண்ணி ஆறுது" என்று நீங்கள் கூப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். அவள் பையையும் இறக்காமல் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்ன நடந்திச்சி இஞ்ச?"

"தண்ணி வந்திச்சி" என்றீர்கள் நீங்கள்.

அதன்பிறகு நீங்கள் மௌத்தாகி எங்களை விட்டுப் போகும்வரை என்னோடு நேரேதான் கதைத்தீர்கள். ஏசியதும் நேரேதான்.

கடைக்குப் போவதென்றாலும், எல்லாரும் வெளியே வரும்வரை வாப்பா வாசலிலேயே நிற்பார் என்று என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஏனென்று அவர்களுக்கு இன்னும் சொல்லவில்லை. தண்ணீர் இதுவரை முற்றத்துக்கு வரவில்லை. வந்தால் எல்லாரும் சேர்ந்தே இறங்குவோம். யாரையும் முன்னுக்குப் போகச் சொல்ல எனக்கு வாய் வராது, மாமி.