கௌசிக்கின் கம்ப்யூட்டருக்கு ஒரு கார்டு

ஜூன் 3, 2025 - செவ்வாய்

சரஸ்வதியம்மாள் பாலில் இன்றும் தண்ணீர். லாக்டோமீட்டர் காட்டிக்கொடுத்துவிட்டது. கேட்டால், "மழையில நனஞ்ச புல்லத் தின்னுச்சு வனிதா, மாடு என்ன பண்ணும்?" என்கிறார். மாடு வந்து சாட்சி சொல்லாது என்ற தைரியம்.

ஏழு நாற்பதுக்குப் பால் லாரி கிளம்பியது. லாரி நோட்டில் ‘தாமதத்துக்குக் காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. நான் பால் சங்கத்துக்குச் செக்ரட்டரியாகிப் பதினோரு வருஷம். அந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது. ஏழு முப்பத்தொன்பதுக்குக் கேனோடு ஓடி வருகிறவர்கள் என்னை என்ன சொல்லித் திட்டுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். திட்டட்டும்.

கௌசிக்குக்குப் போன் போட்டேன். புனேயில் மழையாம். சாப்பிட்டானாம். நல்லாயிருக்கானாம். அவ்வளவுதான், வைத்துவிட்டான்.

ஜூன் 8 - ஞாயிறு

மனசு சரியில்லை. நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு, எல்லா ஞாயிற்றுக்கிழமையும் போல, நானும் கௌசிக்கும் லாரி எடுத்தோம். வேறு யாராவது இதைப் படித்தால் எனக்குப் பைத்தியம் என்பார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். நிஜ லாரி இல்லை, கம்ப்யூட்டர் விளையாட்டு. ப்ளஸ் ஒன் படிக்கும்போது பையன் பழைய சாமான்களாக வாங்கித் தன் கையால் பூட்டிய கம்ப்யூட்டர் அது. போன வருஷம் வேலைக்குப் போகும்போது "வித்தரலாங்கம்மா" என்றான். நான் விடவில்லை. ஊரில் ஸ்கூட்டரைத் தாண்டி எதையும் ஓட்டாத எனக்குப் போனிலேயே லாரி ஓட்டக் கற்றுக்கொடுத்தான். அவன் அங்கிருந்து ஒரு லாரி, நான் இங்கிருந்து ஒரு லாரி. ஏதோ வெள்ளைக்காரன் தேசத்து ரோட்டில் அவன் முன்னால் போவான், நான் பின்னால் போவேன். காதில் ஹெட்போன்.

போனில் மூன்று வார்த்தை பேசுகிறவன் லாரியில் ஏறினால் பேசுவான். மேனேஜர் எப்படிக் கொட்டாவி விடுவான், மெஸ்ஸில் சாம்பாரில் ஏன் சர்க்கரை போடுகிறார்கள், எல்லாம். ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் பேச்சு வருகிறதோ என்னவோ.

இன்றைக்குக் கொஞ்ச தூரம் போனதும், "அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். ரொம்ப நாளா—" என்றான். அந்த நேரம் பார்த்துத் திரை முழுக்கப் பச்சையும் ஊதாவுமாகக் கோடு. அப்புறம் கறுப்பு. போயே போய்விட்டது.

என்ன சொல்ல வந்தான்?

ஜூன் 9 - திங்கள்

போன் செய்தேன். "ஒண்ணுமில்லீங்கம்மா. அப்பறம் சொல்றேன்." சாப்பிட்டானாம்.

ஜூன் 11 - புதன்

மூன்று நாளாக இதே யோசனை. வேலை போய்விட்டதா? உடம்புக்கு ஏதாவதா? ஏதாவது பொண்ணா? பொண்ணாக இருந்தால் தேவலை. அங்கே ஒரு துணையும் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை முழுக்க ரூமில் ஒண்டியாகக் கிடக்கிறான் பையன், அதுதான் என் கவலை. நான் லாரி எடுக்கும் இரண்டு மணி நேரமாவது அவனுக்குப் பேச ஆள் இருந்தது.

இவரிடம் சொன்னேன். தென்னந்தோப்புக்குத் தண்ணீர் மாற்றிவிட்டு வந்தவர், சேறு காலோடு நின்று கேட்டார். "சொல்றதா இருந்தா போன்ல சொல்ல மாட்டானா?" என்றார்.

"உங்க பையனுங்க. உங்களாட்டத்தான் இருப்பான்" என்றேன். மனுஷன் காலைக் கழுவப் போய்விட்டார்.

ஜூன் 13 - வெள்ளி

மதியம் பால் எடுக்கும் நேரத்துக்குள் திரும்பிவிடலாம் என்று கம்ப்யூட்டர் பெட்டியை ஸ்கூட்டரில் வைத்துக் கட்டிப் பக்கத்து டவுன் சித்தூர் போனேன். ரிஜின் கடை. கௌசிக்கோடு பள்ளியில் படித்த பையன். இந்த எல்லைப் பக்கத்துப் பழக்கம், மலையாளமும் தமிழும் கலந்து பேசுவான். பெட்டியைத் திறந்து பார்த்தான். உள்ளே திரைக்குப் படம் அனுப்பும் கார்டு செத்துவிட்டதாம். மற்றதெல்லாம் உயிரோடு இருக்கிறது. கார்டு இல்லாமலும் கம்ப்யூட்டர் ஓடும், கடிதம் அடிக்கலாம், ஆனால் லாரி நகராது.

மேஜையில் இரண்டு கார்டு எடுத்து வைத்தான். ஒன்று பெரியது, மூன்று விசிறி, என் முழங்கை நீளம். இன்னொன்று சின்னது, ஒரே விசிறி. இரண்டும் யாரோ பயன்படுத்தியவை.

"சேச்சி, இது மதி, இதே போதும்" என்று சின்னதைத் தள்ளினான். "இதுக்கு இருக்கற கரண்டே போதும். பெருசு ரொம்ப இழுக்கும். உங்க பவர் சப்ளை பழசு, தாங்காது. அதை மாத்தினாலும் பிராசசர் அதைவிடப் பழசு. பெருசோட வேகத்துக்கு அதால ஈடு கொடுக்க முடியாது."

நல்ல பையன்தான். ஆனால் தீவனக் கடையில் பதினோரு வருஷம் பேரம் பேசியவள் நான். கடைக்காரன் ஒன்றை நம் பக்கம் தள்ளினால் அது விலை போகாத சரக்கு என்று அர்த்தம். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

ஜூன் 14 - சனி

கௌசிக்குக்கு இரண்டின் படத்தையும் அனுப்பிக் கேட்டேன். "சின்னதே போதுங்க" என்று பதில் வந்தது. அம்மாவுக்குச் செலவு வைக்கக் கூடாது என்று பார்க்கிறான். அவன் குணம் எனக்குத் தெரியாதா?

பெரியதுதான். வாங்குவதை ஒரு தரம் வாங்க வேண்டும். பத்து வருஷத்துக்கு இந்தப் பேச்சே எழக் கூடாது. இன்று சனிக்கிழமை, இரும்பு வாங்க வேண்டாம். திங்கட்கிழமை போகிறேன்.

ஜூன் 16 - திங்கள்

வாங்கிவிட்டேன். விலையை இங்கே எழுதப்போவதில்லை. இவர் இந்த நோட்டைப் பார்த்தாலும் பார்ப்பார்.

கார்டு பெட்டிக்குள் நுழையவில்லை. உள்ளே இருந்த ஒரு தகரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ரிஜின் பூட்டினான். "நல்லா இழுக்கும்போது நின்னுபோவும் சேச்சி. நின்னா கொண்டு வாங்க, மாத்தித் தரேன்" என்றான். அதெல்லாம் நிற்காது என்றேன்.

ஜூன் 22 - ஞாயிறு

நின்றுவிட்டது.

முதல் பத்து நிமிஷம் என்ன அழகு. ரோட்டோரப் புல்லுகூடத் தனித்தனியாகத் தெரிந்தது. கௌசிக் முன்னால் போய்க்கொண்டிருந்தான். "படம் எப்படீங்கம்மா?" என்றான். பட்டென்று அணைந்தது. மறுபடி போட்டேன். ஏழு நிமிஷம். மறுபடி. நாலு நிமிஷம். "விடுங்கம்மா, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றான் போனில்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கரண்ட் ஆபீசைத் திட்டினேன். வோல்டேஜ் குறைவாகத்தான் இருக்கும், தோட்டத்து மோட்டாரெல்லாம் இந்த நேரத்துக்குத்தானே போடுகிறார்கள். இவர் பம்ப் செட்டுக்கு வைத்திருக்கும் மீட்டரைக் கொண்டுவந்து சொருகிப் பார்த்தார். "எரநூத்தி இருவத்தெட்டு. கரண்டு மேல குத்தமில்ல" என்றார். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார், அந்த மூன்று விசிறியை. அப்புறம் எதற்குச் சிரித்தாரோ, சிரிப்பு அடங்கவே இல்லை.

"ஏனுங்க, என்ன சிரிப்பு?"

"நம்ம ரத்தினசாமி கெணறு ஞாபகம் வந்துச்சு."

பக்கத்துத் தோட்டம் ரத்தினசாமி. மூன்று எச்.பி. போதும் என்று எல்லோரும் சொல்லியும் கேட்காமல் ஏழரை எச்.பி. மோட்டார் இறக்கினவர். இருபது நிமிஷத்தில் கிணற்றை வழித்து எடுத்துவிட்டு, மூன்று மணி நேரம் வரப்பில் உட்கார்ந்து கிணற்றைத் திட்டுவார். அதைச் சொல்லிச் சொல்லி ஊரே சிரிக்கும், நானும் சிரித்திருக்கிறேன்.

"ஊறறதுக்குத் தகுந்த மாதிரிதான் மோட்டாரு வெக்கோணும். ஊற உடாம இறைச்சா எந்தக் கெணறும் வறண்டுதான் போவும். உனக்குத் தெரியாததா?" என்றார்.

தெரிந்ததுதான். கிணறு என்றால் தெரிகிறது. கம்ப்யூட்டர் என்றதும் புத்தி போய்விட்டது. கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் இவர் சொன்னதைச் சரி என்று நான் ஒப்புக்கொண்டது இது இரண்டாவது தடவை. முதல் தடவை எதற்கென்று எழுத மாட்டேன்.

ஜூன் 24 - செவ்வாய்

பெரிய கார்டை ரிஜினிடம் திருப்பிக் கொடுத்தேன். வாய்க்குள்ளேயே சிரித்துக்கொண்டு சின்னதைப் பூட்டிக் கொடுத்தான். மீதியையும் எண்ணிக் கொடுத்தான். கழற்றிய தகரத்தைக்கூடப் பத்திரமாக வைத்திருந்தான், திரும்பவும் மாட்டிவிட்டான். இந்தப் பையனைப் போய்ச் சந்தேகப்பட்டேன்.

ஜூன் 26 - வியாழன்

ஆனிக் காற்று. தென்னமட்டை விழுந்து கம்பி அறுந்துவிட்டது. கரண்ட் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் வர வேண்டும்.

ஜூன் 28 - சனி

வந்துவிட்டது.

ஜூன் 29 - ஞாயிறு

ஓடியது. ஒரு மணி நேரம், அணையவில்லை. புல்லு தனித்தனியாகத் தெரியவில்லை, பச்சையாகத் தெரிந்தது. எனக்கு அது போதும்.

மலை ரோடு, மழை. அவன் லாரியின் பின்விளக்கையே பார்த்துக்கொண்டு போனேன். நானாகக் கேட்கக் கூடாது என்று நினைத்திருந்தேன். முடியவில்லை.

"அன்னிக்கு என்னமோ சொல்லோணும்னியே சாமி."

இண்டிகேட்டர் போட்டு ஓரத்தில் நிறுத்தினான். நானும் பின்னால் நிறுத்தினேன். இரண்டு லாரியிலும் வைப்பர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"பெருசா ஒண்ணுமில்லீங்கம்மா. ரூம்ல இருக்கறவங்க, ஆபீஸ் பசங்க எல்லாம் ஞாயித்துக்கிழமையானா மலையேறப் போறாங்க. பழைய கோட்டையெல்லாம் இருக்குதுங்க இங்க. என்னையும் கூப்புடுவாங்க. போனா அஞ்சு மணிக்குள்ள திரும்பி வர முடியாதுங்க."

"நீ போனதே இல்லியா?"

"இல்லீங்க."

"வந்ததுல இருந்தா?"

"நீங்க காத்துட்டிருப்பீங்கல்ல."

துணைக்கு ஆளில்லாத பையனுக்கு நான் துணை என்று ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். துணை வாசலில் வந்து கூப்பிட்டிருக்கிறது. இவன் எனக்காகக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

"போயிட்டு வா. இதைச் சொல்றதுக்கா இத்தன நாளு? எனக்கும் ஞாயித்துக்கிழமையானா ஆயிரம் வேல கெடக்குது" என்றேன். ஒரு வேலையும் கிடையாது.

"வருத்தமில்லீங்களே?"

"லாரி ஓட்டறதுக்கு நீ எதுக்கு எனக்கு? இப்ப உன்னவிட நல்லா ரிவர்ஸ் எடுக்கறேன்."

சிரித்தான். "அப்ப நீங்க முன்னால போங்கம்மா" என்றான். மீதி ரோடு முழுக்க நான் முன்னால் போனேன். கண்ணாடியில் அவன் விளக்கு தெரிந்துகொண்டே இருந்தது.

ஜூன் 30 - திங்கள்

வலிக்குதுதான். இல்லேன்னு எழுதி யாரை ஏமாத்தறது, நோட்டையா? இத்தன பாடுபட்டு ஒரு கார்டு வாங்கி மாட்டி, அதுல கேட்ட மொத சேதி இனிமே வரமாட்டேன்னு. நல்லாத்தான் இருக்குது. எவளாவது சொந்தக் காசுல இப்படி வாங்கிக் கட்டிக்குவாளா?

இவரிடம் சொன்னால், "நல்லதுதானே" என்றார். கோபம் வந்தது. அப்புறம் ரத்தினசாமி கிணறு ஞாபகம் வந்தது. கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது, எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன்.

அவனுக்குத் தினமும் போன் செய்வதை நிறுத்திப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

ஜூலை 3 - வியாழன்

மூன்று நாளாகப் போன் செய்யவில்லை. கை போனைத் தேடுகிறது.

ஜூலை 6 - ஞாயிறு

ஐந்து மணிக்குப் பழக்க தோஷத்தில் உட்கார்ந்துவிட்டேன். முன்னால் யாருமில்லை, ரோடு மட்டும். உட்கார்ந்தது உட்கார்ந்தாயிற்று என்று மர லோடு ஒன்றை எடுத்துக்கொண்டு பனி பெய்கிற ஊருக்குப் போனேன். நன்றாகவே இருந்தது. எனக்கு இந்த விளையாட்டு நிஜமாகவே பிடித்திருக்கிறது என்பது இன்றுதான் தெரிகிறது.

இவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டே பார்த்தார். அரை மணி நேரம் கழித்து, "இந்த ஊர்ல ஒரு தென்னமரங்கூட இல்லியா?" என்றார். "இல்லீங்க." "அப்புறம் எப்படிப் பொழைக்கறாங்க?" என் கையில் ஒரு பிடி உரித்த கடலையை வைத்துவிட்டுப் போனார்.

கௌசிக் இந்நேரம் மலையில் இருப்பான். நான் போன் செய்யவில்லை.

ஜூலை 8 - செவ்வாய்

காலை ஏழு பத்துக்குச் சங்கத்தில் பால் அளந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. கௌசிக். தானாக. இந்நேரத்தில் அவன் கூப்பிட்டதே இல்லை, பயந்துவிட்டேன்.

"ஒண்ணுமில்லீங்கம்மா, சும்மாதான். ஆபீஸ் பஸ்ஸுக்கு நிக்கறேன். ஞாயித்துக்கிழமை போனேனுங்க" என்று ஆரம்பித்தான். மேலே கோட்டையில் மேகம் கைக்கெட்டும் தூரத்தில் வந்ததாம். சறுக்கி விழுந்து பேன்ட் கிழிந்து, யாரோ ஒருத்தனின் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினானாம். அடிவாரத்தில் ஒரு அம்மா சுடச்சுட வெங்காய பஜ்ஜி போட்டார்களாம், ஆறு தின்றானாம். பஸ் வந்ததாம், ஏறி உட்கார்ந்தும் பேசினான். சந்தனம் என்று அவனோடு வேலை செய்கிற ஒரு பையன், நம் சூரியநெல்லித் தேயிலை எஸ்டேட்டில் வளர்ந்தவனாம், மலையில் ஆடு மாதிரி ஏறுவானாம். ஓணத்துக்கு அவனையும் கூட்டிக்கொண்டு வரட்டுங்களா என்று கேட்டான். நான் ம், ம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

லாரி டிரைவர் ஆசீர்வாதம் ஹார்ன் அடித்தார். மணி ஏழு நாற்பத்தொன்று. சரஸ்வதியம்மாள் காலிக் கேனோடு நின்று என்னையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். லாரியைக் கொஞ்சம் நிற்கச் சொல்லுங்கள் என்று அவருக்குக் கையைக் காட்டினேன்.

ஏழு ஐம்பத்திரண்டுக்கு லாரி போனது. நோட்டில் காரணம் எழுதும் கட்டத்தில் ‘போன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.