ரேவதி போன முதல் வாரம்

"டீச்சர், அங்க இப்ப மணி என்னங்க இருக்கும்?"

இன்று காலை பாலக்கோடு தக்காளி மண்டி வாசலில் பேருந்துக்கு நின்றபோது, நசுங்கிய தக்காளியின் புளித்த வாசனையோடு உன் கேள்வியும் வந்து சேர்ந்தது. அறுவடைக் காலத்தில், என் தெருவிலேயே இருந்த உன் வீட்டு வாசலிலும் இந்த வாசனைதான் இருக்கும். உன் மகள் ரேவதி தன்னோடு கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளோடு ஒரு பருவம் படிப்பதற்காகப் போலந்துக்கு விமானம் ஏறிய அன்று நீ அப்படிக் கேட்டாய்.

நான் புவியியல் சொல்லிக் கொடுத்தவள். ஓய்வு பெற்றும் உதாரணம் சொல்கிற பழக்கம் போகவில்லை. "தருமபுரியில கெளம்புற பஸ்சு மொதல்ல பாலக்கோட்டுக்கு வரும், அப்பறந்தான் மாரண்டஅள்ளிக்குப் போவும். சூரியனும் அப்படித்தான். நமக்கு வந்து மூணரை மணி நேரம் கழிச்சு அவளுக்குப் போவும்" என்றேன்.

"அப்ப நம்மளத் தாண்டித்தான் அவகிட்டப் போவணும்" என்று சொல்லித் திருப்திப்பட்டாய்.

அன்றைக்கே உன் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தை ரேவதியின் நேரத்துக்குத் திருப்பி வைத்தாய். மறுநாள் தக்காளிப் பெட்டி ஏற்ற வந்த உன் தம்பி அதைப் பார்த்துவிட்டு, "என்னாக்கா, கடியாரம் செத்துப்போச்சா?" என்றான். "அது ரேவதி மணிடா. உனக்கு வேணும்னா செல்லுல பாத்துக்க" என்றாய். மூவரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய்.

வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், இனிமேல் செய்ய ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொன்னது உனக்கும் எனக்கும் உன் தம்பிக்கும்தான் தெரியும். ரேவதிக்கு விசா வருவதற்கு முன்பே சொல்லிவிட்டார். அவளிடம் சொல்லிவிடு என்று நான் எத்தனையோ முறை கேட்டேன்.

"நட்ட நாத்த ஒரு வாரம் அசைக்கக் கூடாதுங்க டீச்சர். வேர் புடிக்கட்டும், அப்பறம் சொல்லிக்கலாம்."

"புள்ள நாத்து இல்லம்மா."

"எனக்கு வேற பயிரு ஏதுங்க?"

அதற்குப் பிறகு நான் கேட்பதை விட்டுவிட்டேன்.

தினமும் அவள் தூங்கி எழுந்ததும் வீடியோவில் கூப்பிடுவாள். அதற்குள் நீ தலை வாரி, பொட்டு வைத்து, கையில் குத்தியிருந்த ஊசி தெரியாமலிருக்க முழுக்கை ஸ்வெட்டர் போட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாய். கைபேசியை நான்தான் பிடிக்க வேண்டும். முகம் மட்டும் தெரிய வேண்டும்.

"பாலக்கோட்டுல ஸ்வெட்டராம்மா? குளுரு எனக்கா உனக்கா?" என்று அவள் கேட்டாள்.

"நீ அனுப்புன குளுருதான்" என்றாய்.

அந்த நாட்களில் அவள் ஒவ்வொன்றாகக் காட்டினாள். விடுதியின் ஒரே சமையலறையில் எல்லாரும் முட்டிக்கொண்டு நின்றார்கள். புளி கிடைக்காமல் புளிப்பு ஆப்பிளை வேகவைத்து ரசம் வைத்தார்கள். அதைக் குடித்த பெண்ணொருத்தி, "ஆன்ட்டி, உங்க பொண்ணு எங்கள ஊருக்கே அனுப்பிருவா" என்று உன்னிடம் முறையிட்டாள். ட்ராம் வண்டியில் எந்தப் பக்கம் ஏறுவது என்று தெரியாமல் எதிர்த் திசையில் கடைசி நிறுத்தம் வரை போய்வந்த கதையைச் சொன்னார்கள். நீ எல்லாவற்றுக்கும் சிரித்தாய். திரை அணைந்ததும் படுத்துக்கொள்வாய்.

அந்த வாரம் முடியவில்லை. ஒரு காலையில், அவள் கூப்பிடும் நேரத்துக்கு முன்பே நீ போய்விட்டாய்.

நம் பக்கத்தில், பெங்களூரில் இருக்கும் பிள்ளைக்குக்கூடச் சாவை நேராகச் சொல்ல மாட்டோம். 'கொஞ்சம் சீரியஸா இருக்குது, கெளம்பி வா' என்றுதான் அழைப்போம். அவள் கூப்பிட்டதும் என் வாயிலும் அதுதான் வந்தது. "அம்மாவுக்குக் கொஞ்சம் முடியல கண்ணு" என்றேன்.

அவளும் இந்த ஊர்ப் பெண்தானே. "டீச்சர், நேராச் சொல்லுங்க. இருக்குதா, இல்லையா?"

சொன்னேன். அவள் கேட்டாள்: "உங்களுக்கு எப்பலேருந்து தெரியும்?"

"நீ போறதுக்கு முந்தியே."

அவள் வந்து சேரும்வரை வைத்திருக்க முடியாது என்று உறவினர்கள் சொல்லிவிட்டார்கள். உன் தம்பி கைபேசியைத் தூக்கிப் பிடிக்க, உன்னை அடக்கம் செய்ததை அவள் அங்கிருந்து பார்த்தாள். ரசத்தைக் கேலி செய்த அந்தப் பெண் அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முதல் பிடி மண் போடும்போது திரையில் படம் நின்றுபோனது. மறுபடி வரவில்லை.

ரேவதி படிப்பை முடித்துவிட்டு வந்தாள். நீ ஆசைப்பட்டது அதுதான். ஆனால் ஊருக்கு வரும்போதெல்லாம் அவள் மாமன் வீட்டோடு திரும்பிவிடுகிறாள். என் தெருவுக்குள் வருவதில்லை. மாமனும் மறைத்தவன்தான், ஆனால் தினமும் கைபேசியைப் பிடித்தவள் நான். ஒருமுறை மொரப்பூர் ரயில் நிலையத்தில் எதிரெதிரே வந்துவிட்டோம். "நல்லா இருக்கறீங்களா டீச்சர்" என்றாள். நான் பதில் சொல்லும் முன்பே பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அவள் என்னிடம் மறுபடி பேசுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உன் ஆசைக்கும் அவள் உரிமைக்கும் நடுவில் எதை எடுத்திருக்க வேண்டும் என்று தினமும் யோசிக்கிறேன். உன்னைக் கேட்கலாமென்றால் நீ இல்லை.

இதைப் படிக்கிறவர்களில் பிள்ளையைத் தூரத்துக்கு அனுப்பியிருப்பவர்களுக்கு ஒன்று மட்டும். இன்றைக்குப் போன் வந்ததும், அவர்கள் சாப்பிட்டார்களா என்று கேட்பதற்கு முன்னால், உங்கள் உடம்புக்கு என்ன என்பதை உள்ளபடி சொல்லிப் பாருங்கள்.