மஞ்சள் தூளும் என் இடது காலும்

மச்சான்,

இன்று காலை பக்கத்துப் பண்ணைக்காரர் வேலியோரம் வந்து நின்றார். அவருடைய குளத்தில் இறால் செத்துக் கரையொதுங்கத் தொடங்கிவிட்டதாம். "அண்ணே, முந்தி நீங்க தீனில கலந்து போடுவீங்களே, அந்த மஞ்சள் தூள் மிச்சம் கிடக்கா?" என்று கேட்டார். கொட்டிலுக்குள் போய் அந்தப் பழைய வாளியை எடுத்தேன். இப்போது அதில் ஆணியும் கயிறும்தான் கிடக்கின்றன. ஆனாலும் மூடியைத் திறந்ததும் அந்தக் கசப்பு வாடை மீன் எண்ணெயோடு சேர்ந்து மூக்கில் ஏறியது. உடனே உன் ஞாபகம் வந்துவிட்டது.

அந்தத் தூளின் கதை உனக்குத் தெரியும்; கறி மஞ்சள் இல்லை, மஞ்சள் நிற மருந்துத் தூள். முந்தல் களப்புக் கரையில் இறால் வளர்த்த எங்களில் பலருக்கும் அது திருநீறு மாதிரி. இறால் தின்னாவிட்டாலும் தூள், நிறம் மாறினாலும் தூள், ஒன்றும் இல்லாவிட்டாலும் "எதுக்கும் இருக்கட்டும்" என்று தூள். அது மனிதருக்கும் கொடுக்கிற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து என்பதையெல்லாம் யார் யோசித்தார்கள்? குளத்தை வடித்து இறால் பிடித்த அன்று ஒரு பெரிய இறாலின் தலைமுள் என் இடது பாதத்தில் ஏறியது. நான் என்ன செய்தேன்? வாளியைத் திறந்து ஒரு பிடி தூளை அள்ளிக் காயத்தில் அப்பினேன். பார்மசியில் டொக்டரின் துண்டு இல்லாமல் அதே மருந்தின் குளிசையும் வாங்கி விழுங்கி, நோவு குறைந்ததும் பாதியில் விட்டேன். என்னைப் போல ஒரு மடையன் அந்தக் கரையில் இருந்திருக்க மாட்டான்.

மூன்றாம் நாள் கால் தூண் மாதிரி வீங்கிவிட்டது. கறுத்த கொப்புளங்கள். காய்ச்சலில் உளறினேனாம். புத்தளத்தில் வார்டில் போட்டார்கள். கிருமி மேலே ஏறினால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரும் என்று டொக்டர் சொன்னதைக் கேட்டு என் மனைவி செபமாலையைப் பிடித்தபடி வாசலிலேயே குந்திவிட்டாள். "முதல்லயே ஏதும் மருந்து பாவிச்சீங்களா?" என்று டொக்டர் சிங்களத்தில் கேட்டார், பிறகு தமிழிலும் கேட்டார். இரண்டு மொழியிலும் பொய் சொன்னேன். பண்ணைக்குச் சோதனை வந்துவிடுமோ என்ற பயம். காலை விடக் குளம் பெரிதாய்ப் போயிற்று எனக்கு.

நீ அப்போது அந்த ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலையில் இருந்தாய். என் காயத்துச் சீழ் வந்த போத்தலில் என் பெயரைக் கண்டு, வெள்ளைக் கோட்டைக் கூடக் கழற்றாமல் ஓடி வந்தாய். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தவனிடம் எதை மறைப்பது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத்தான் பார்த்தேன்.

"நுணுக்குக்காட்டியில பாத்தன். ஒன்ட கிருமி செவப்பா ஈக்கி. கிராம் நெகட்டிவ்" என்றாய். "அதுக்கு மேல ஒரு சட்டை கூட, மச்சான். மருந்து லேசில உள்ள போகாது. போனாலும் சிலது வெளிய தள்ளிவிடும். சரி, இறாலுக்குப் போடுறதக் காலுக்கும் போட்டியா?"

நான் முகட்டைப் பார்த்தேன். நீ குனிந்து என் காதருகே சொன்னாய்: "எந்த மருந்துக்குச் சாகும் எண்டு தட்டு நாளைக்கித்தான் பேசும். ஒன்ட வாய் இண்டைக்கே பேசலாம்."

அழுதுவிட்டேன். தூள், குளிசை எல்லாவற்றையும் கக்கினேன். நீ ஏசவில்லை. நேரே டொக்டரிடம் போனாய். எனக்கு ஏற்றிக்கொண்டிருந்த மருந்துகளில் ஒன்று அந்தத் தூளின் சொந்தக்கார மருந்துதானாம். அன்று மாலையே மாற்றினார்கள்.

மறுநாள் கைப்பேசியில் படம் காட்டினாய். வட்டத் தட்டு, அதற்குள் சின்னச் சின்னக் கடதாசிப் பொட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மருந்து. கேட்கிற மருந்தைச் சுற்றிக் கிருமி வளராமல் வெறும் வளையம் விழும் என்றாய். இரண்டைச் சுற்றித்தான் வளையம். என் மஞ்சள் தூளின் பொட்டு வரைக்கும் கிருமி நெருங்கி வந்து நின்றது. "பாத்தியா, ஒன்ட குளத்துப் பிள்ளைகள்! நீ தீத்தி வளத்தது" என்று சிரித்தாய். அந்த ஒரு நாள் முந்தினதால்தான் கால் தப்பியது என்று டொக்டர் பிறகு என் மனைவியிடம் சொன்னார்.

சுகமாகி வந்தபின் நாம் சண்டை பிடித்ததும் உண்டு. தூளை நிறுத்து என்றாய். "இறால் செத்தா நீயா சோறு போடுவாய்?" என்று பாய்ந்தேன். "தூளுக்குச் செத்த கிருமியில எனக்குப் பயமில்ல. சாகாம மிஞ்சினதுலதான் பயம். அது களப்புக்குப் போகும், களப்புல எத்தின பேர்ட கால் நிக்கிது?" என்றாய். அன்றோடு தூளை விட்டேன். அடுத்த முறை ஒரு குளம் முழுவதும் செத்தது, உன்னையும் திட்டினேன். பிறகு குளத்தைக் காயவிட்டு, சுண்ணாம்பு போட்டு, குஞ்சைக் குறைத்து விட்டுப் பழகிக்கொண்டேன். நன்றி என்று எப்போது வாயெடுத்தாலும் "நன்றிய விடு, காலக் கழுவு" என்பாய்.

பக்கத்துப் பண்ணைக்காரரிடம் வாளியைக் கவிழ்த்துக் காட்டினேன். அவருக்கு முகம் விழுந்துவிட்டது. செருப்பைக் கழற்றிப் பாதத்துத் தழும்பைக் காட்டிக் கதையைச் சொன்னேன். "முதல்ல என்ன நோய் எண்டு பாப்பம், வாங்க" என்று அவருடைய குளத்துத் தண்ணீரையும் நாலு நோய் இறாலையும் எடுத்துக்கொண்டு, சோதிக்கிற இடத்துக்கு நானே கூட்டிப் போனேன். முடிவு இன்னும் வரவில்லை. அதுவரை தூள் தேடுவதில்லை என்று சொல்லியிருக்கிறார்.

ஒன்றை மட்டும் அவருக்குச் சொல்லவில்லை. போன வருஷம் நெஞ்சு நோகுது என்று உட்கார்ந்த நீ எழும்பவில்லை. ஓடி வந்தேன். உன்னைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கும்போது உன் மகன் என்னைக் கண்டு, "வாங்க மாமா" என்று கொஞ்சம் விலகி இடம் விட்டான். உன் வீட்டிலிருந்து அடக்கம் செய்கிற மையவாடி வரைக்கும் சுடுமணல். தோள் மாற்ற ஆட்கள் வந்தார்கள், நான் விடவில்லை. நீ வெட்ட விடாத அந்த இடது காலை ஊன்றி ஊன்றி, கடைசி வரைக்கும் உன்னைச் சுமந்து வந்தேன், மச்சான்.